ஜவ்வரிசிக் களத்தில் ஒரு விடுப்பு நாள்

அயோத்தியாப்பட்டணம் தாண்டி
மாமாவின் ஆலை. நாலு ஏக்கர் சிமெண்டுக் களம்.
சித்திரை. காலை ஒன்பதுக்கே கண் கூசுகிறது.
வெள்ளை, வெள்ளை, அதற்கு மேல் வெள்ளை.
வடக்கே சேர்வராயன் மலை மட்டும்
பிழியாத துணி போல நீலமாய்த் தொங்குகிறது.

"ஏரோப்ளேன்ல இருந்து பார்த்தா
எல்லாந் தெரியும்ல மாப்ளே?"
டீ கிளாஸை நீட்டியபடி மாமா.
பொங்கலுக்கு வந்தபோதும் இதையேதான் கேட்டார்.

தெரியும் மாமா. கப்பல் தெரியும்.
விசைப்படகும் அதன் பின்னால் வலையின் கோடும் தெரியும்.
எண்ணெய் கசிந்த இடம் மயில் கழுத்தாய்த் தெரியும்.
ஆள்?
தண்ணீருக்கு மேலே ஆள் என்பது தலை மட்டும்.
ஆயிரம் அடியிலிருந்து தலை என்பது
இந்தக் களத்தில் ஒரு கடுகு,
அதுவும் களம் அசையாமல் கிடந்தால்.

சொல்லவில்லை. டீயைக் குடித்தேன்.

டோர்னியரின் வலப்பக்க ஜன்னல் என்னுடையது.
குமிழாய் வெளியே புடைத்த கண்ணாடி,
நெற்றி பதிந்து பதிந்து அதில் ஓர் எண்ணெய்த் திட்டு.
இருபது நிமிடம் பார்க்கலாம், பிறகு இடம் மாற வேண்டும்.
மாறாவிட்டால் கண் பொய் சொல்லும்.
ஒவ்வொரு நுரையும் கை அசைக்கும்.

ஐப்பசியில், நாகப்பட்டினத்துக்குக் கிழக்கே
கவிழ்ந்த ஃபைபர் படகு. நாலு பேர்.
கிழக்கே போய், திரும்பி, மேற்கே வந்து, திரும்பி
கடல்மேல் சால் சாலாய் ஓட்டினோம்.
இரண்டாம் நாள் மதியம்
இடப்பக்க ஜன்னலில் ரணதீப் கத்தினான்.
ஐஸ் பெட்டி மூடியைப் பிடித்தபடி மூன்று பேர்.
புகைக்குப்பி போட்டோம், மிதவை போட்டோம்,
அது ஊதி விரிந்த பிறகுதான் மூச்சு விட்டோம்.

நாலாவது ஆள் பெயர் காளத்திநாதன்.
எரிபொருள் நிரப்பி, நிரப்பி
இன்னும் பதினோரு மணி நேரம் பறந்தோம்.

களத்தில் பாவாயி
பல்லுப் பலகையால் கிளறிக்கொண்டு போகிறாள்.
கிழக்கே போய், திரும்பி, மேற்கே வந்து, திரும்பி.
நடை நிற்காமலே குனிகிறாள்,
எதையோ கிள்ளி வெளியே எறிகிறாள்:
எறும்பு, மரவள்ளித் தோலின் துணுக்கு, காக்கை இறகின் நுனி.
பத்தடி தள்ளி எப்படித் தெரிந்தது?
"வெயிலு முதுகுல இருக்கோணும்" என்கிறாள்.
"எதுக்க நின்னா ஒரு மசுரும் தெரியாது."
எங்கள் கையேட்டிலும் இதே வாக்கியம் உண்டு,
மசுரு இல்லாமல்.

அவளிடம் சொல்லிவிட்டேன், ஏனென்று தெரியாது.
நாலு பேர், மூணு பேர், ஐஸ் பெட்டி மூடி.
அய்யோ பாவம் என்றெல்லாம் சொல்லவில்லை.
பலகையை ஊன்றி நின்று கேட்டாள்:
"அவன் போட்டிருந்த சட்டை என்ன கலரு?"

புறப்படுமுன் நாங்களும் அதைத்தான் கேட்டோம்.
போனில் அவன் மனைவி கொஞ்சம் யோசித்துச் சொன்னாள்:
நீலம். புதுசு. தலை தீபாவளிக்கு எடுத்தது.
விமானத்தில் யாரும் யாரையும் பார்த்துக்கொள்ளவில்லை.

"நீலம்" என்றேன்.
பாவாயி வடக்கே மலையைப் பார்த்தாள்,
மலை இருந்த இடத்தைப் பார்த்தாள்.
"மழை எறங்குது!"

வேட்டியை மடித்துக் கட்டி மாமா ஓடினார்.
ஆலை முழுக்க ஓடி வந்தது.
தார்ப்பாயின் ஒரு முனை என் கையில்.
குவித்தோம், இழுத்தோம், கல் வைத்தோம்.
ஓரத்தில் விடுபட்டவை நனைந்து ஊதத் தொடங்கின.

பத்து நிமிடம்கூடப் பெய்யவில்லை.
எல்லோரும் கொட்டகைக்குப் போனார்கள்.
வெயிலை முதுகில் வாங்கிக்கொண்டு நின்றேன்.
ஈரச் சிமெண்டில் வானம் விழுந்து
நாலு ஏக்கரும் நீலமாய்க் கிடந்தது.
இடமிருந்து வலம் பார்த்தேன்.
வலமிருந்து இடம்.
இருபது நிமிடம் ஆகியிருக்கும்.
இடம் மாறச் சொல்ல யாருமில்லை.