பதினான்கு அடித் துணி

மேமியோவில் என் ஸ்டுடியோவில்
மூன்று ஊர்களைச் சுருட்டி வைத்திருந்தேன்.
தாஜ்மகால், நயாகரா,
பிறகு கூர்க்கா வீட்டார் கேட்டுக் கேட்டுச் செய்வித்த
பாடன் அரண்மனைச் சதுக்கம்.

கேட்டவர்களில் ஒருவரும் பாடனைப் பார்த்ததில்லை.
வரைந்த கோ சான்வினும் பார்த்ததில்லை,
மாண்டலேயில் சினிமா பேனர் எழுதியவர்.
எனக்கோ மதுரையே கேள்விதான்.
இருந்தது ஒரு காலண்டர் தாள்,
அதிலும் தேதிப் பக்கத்தை எலி தின்றிருந்தது.

கல் கோயில் சுலபமாக வந்தது.
சிங்கங்களுக்குக் கொஞ்சம் நாய் முகம்,
பரவாயில்லை, காவலுக்குத்தானே.
செங்கல் நிறத்துக்கு
என் கடைவாசல் கல்லையே இடித்துக் கலந்தார்.
மரக்கோயிலில்தான் கை நிற்கவில்லை.
மூன்று கூரை போதுமென்று சொல்லிவிட்டுப் போய்
சோறுண்டு திரும்பினால்
ஏழு.

"இது உங்கள் அரண்மனை ஐயா, நேபாளம் இல்லை."
தூரிகையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:
"எங்களது சண்டையில் எரிந்தது.
இப்போது நிற்பது தகரம்.
கையில் இருக்கிற ஏழை
நான் எங்கேதான் கொண்டுபோய் வைக்க?"
பிறகு, கேட்ட காசுக்காக,
மேல் நாலு கூரைமீது வானம் பூசினார்.
மழைக்காலம் வந்தால்
எண்ணெய்த்தலை சாய்ந்த சுவரில் கறை தெரிவதுபோல்
நீலத்துக்குள்ளிருந்து நாலும்
மெல்ல வெளியே வரும்.

அந்தத் துணிக்கு முன் முதலில் நின்றவள் நிர்மாயா சிரேஷ்டா,
பால்பண்ணை வீட்டுப் பெண்.
மாப்பிள்ளையை ஓரமாய் நிறுத்திவிட்டு
மாடு பிடிக்க வந்தவள் சுழி தேடுவதுபோல்
மேலும் கீழும் பார்த்தாள்.
"தூண்மேல் ராஜா, சரி.
ராஜாவுக்குக் குடையாக நாகம், சரி.
நாகத்தின் தலையில் பறவை எங்கே?"

அந்தப் பறவை பறக்காதவரை
ராஜா சாகவில்லையாம்.
அவருக்காக ஒரு சன்னல் திறந்தே இருக்குமாம்,
ஹூக்காகூடத் தயாராய்.
"முந்நூறு வருஷமாகவா?" என்றேன்.
"வீட்டுக்காரர் வெளியே இருக்கையில்
தாழ்ப்பாள் போட யாருக்குத் துணிச்சல்?" என்றாள்.

சான்வின் அதற்குள் மாண்டலே பஸ் ஏறியிருந்தார்.
நானே ஒரு சன்னலுக்குக் கறுப்படித்துத் திறந்தேன்.
அதே தூரிகையால் நாகத்தின்மேல் ஒரு தொடு.
மை அதிகம்.
அமாவாசைச் சோற்றுக்கு இறங்கியதுபோல்
காக்கை வந்து உட்கார்ந்துவிட்டது.
நிர்மாயா சிரித்தாள்.
படத்தில் இருப்பது அந்தச் சிரிப்பு,
பக்கத்தில் கண்மூடிய மாப்பிள்ளை.

பூமி ஆடிய மார்ச்சில்
தாஜ்மகால்மேல் சுவர் விழுந்தது.
நயாகராவைக் கிழித்துக்கொண்டு அலமாரி சாய்ந்தது.
மாண்டலேயில் கோட்டை மதிலும் சரிந்ததென்று
பஸ்காரர் சொன்னார், இன்னும் என்னென்னவோ சொன்னார்.
சான்வினுக்குப் போன் அடித்தேன்.
எடுப்பாரில்லை.

கால்பந்துத் திடலில் மூன்று இரவு.
பாடனை விரித்துக் கூடாரம் போட்டேன்,
சாயம் நனையாதிருக்க ஓவியம் உள்பக்கமாய்.
பதினொரு பேர் படுத்தோம்.
கல் கோயிலின் கீழ் நிர்மாயாவும் பிள்ளைகளும்,
சிங்கங்களுக்கடியில் அவள் கொண்டுவந்த கன்றுக்குட்டி,
எனக்கு அரண்மனை.
நடுவில் தூக்கி, கோல்கம்பத்தில் கட்ட
கத்தரிக்கோலால் துணியில் ஒரு குத்து.
எங்கே குத்தினேனென்று பார்க்கவில்லை.

இரண்டாம் இரவு தரை மறுபடி உறுமியது.
கன்று எழுந்து நின்றது.
இருட்டில் நிர்மாயா:
"அண்ணே, பறவை இருக்கா?"

டார்ச் அடித்தேன்.
ராஜா மல்லாந்து கும்பிட்டுக்கொண்டிருந்தார்.
நாகம் இருந்தது.
நாகத்தின் தலையில் நான் போட்ட ஓட்டை,
ஓட்டையில் நைலான் கயிறு, முடிச்சு,
முடிச்சின் ஓரத்தில் கறுப்பாய் ஒரு வால்.

"இருக்கு" என்றேன். "தூங்கு."

காற்று எழுந்தது.
மூன்று கூரையும் ஒளிந்திருந்த நாலும்
நாய்முகச் சிங்கமும் திறந்த சன்னலும்
அந்த ஒரு முடிச்சில் தொங்கி
இழுத்துக்கொண்டே இருந்தன.

மாண்டலே எண்ணை மறுபடி அடித்தேன்.
மணி போகிறது.