ஈரக் கழிவு

அட்டையில் கையெழுத்து கேட்டார் தபால்காரர்.
போட்டேன்.
என் கை அப்படித்தான்,
காகிதத்தை நீட்டினால் என்னைக் கேட்காமலே ஓடும்.

கோத்தகிரி முன்சீப் கோர்ட்.
வாதி: பெ. ஜோகி, தேயிலை விவசாயி, ஒன்றேகால் ஏக்கர்.
முதலாம் பிரதிவாதி: தொழிற்சாலை.
இரண்டாம் பிரதிவாதி:
ச. ஜெசிந்தா, எடை எழுத்தர்.
மாதம் ஒன்பதாயிரத்து இருநூறு வாங்குகிறவளை
தொழிற்சாலைக்கு அடுத்த வரியில்
அதே எழுத்தளவில் அடித்திருந்தார்கள்.
பிழையில்லாமல் என் பெயரை டைப்பில் பார்த்தது
அதுதான் முதல் தடவை.

மழைக்காலத்தில் மூட்டைக்கு இரண்டு கிலோ கழிப்போம்,
ஈரத்துக்கு.
ஊரறிந்த கணக்கு, சண்டை வந்ததில்லை.
மேகமே இல்லாத பிப்ரவரியில்
கொழுந்து காய்ந்து
சாக்குக்குள் காகிதம்போல் சலசலத்து வந்தபோதும்
மேனேஜர் கண்ணாடிக்கு அந்தப்புறமிருந்து
இரண்டு விரல் காட்டினார்.
வாயைத் திறக்கவில்லை.
விரலுக்கு எங்கே போய் நகல் எடுப்பது?
தராசில் இருபத்தேழு என்று சிவப்பாக எரிந்தது.
இருபத்தைந்து என்று நீலத்தில் எழுதினேன்.
அடுத்த மூட்டை.
அதற்கடுத்தது.

பஸ் ஸ்டாண்டு பேக்கரிக்கு மேலே
வர்க்கி வேகும் வாசனை ஏறிவரும் அறையில்
வக்கீல் சுலைகா சொன்னார்:
“மூட்டை நழுவி அவர் காலில் விழுந்திருந்தால்
முதலாளி தலையில் கட்டப் பார்ப்பேன்,
வேலை நேரத்தில் நடந்த கைப்பிசகு என்று.
இது அப்படியில்லை.
தெரிந்தே குறைத்து எழுதினீர்கள் என்கிறார்கள்.
மோசடி என்று ஆகிவிட்டால்
சொன்னவரும் மாட்டுவார், எழுதியவரும் மாட்டுவார்.
மேனேஜர் சொன்னார் என்று கூண்டில் அழலாம்.
அழுகையைக் கோர்ட் குறித்துக்கொள்ளாது.”

தொழிற்சாலையின் எதிருரை மூன்று பக்கம்.
‘அப்படியோர் உத்தரவு எக்காலத்திலும் தரப்படவில்லை.
கழிவு ஏதும் நடந்திருப்பின்
அது இரண்டாம் பிரதிவாதியின் சொந்தச் செயல்.’
பதினோரு வருஷத்தில்
அந்தக் கட்டடத்துக்குள் எனக்குச் சொந்தமாக இருந்தது
கிழிந்த ரெக்சின் குஷன் ஒன்று.
இப்போது மூவாயிரத்துச் சொச்சம் கிலோ.

வேலையை விட்டு இன்னும் எடுக்கவில்லை.
எடுத்தால் பேசிவிடுவேன் என்பது மேனேஜர் கணக்கு.

ஒரு நோட்டு இருக்கிறது.
மகனின் ஏழாம் வகுப்புக் கணக்கு நோட்டு,
மிச்சமிருந்த பக்கங்களில்
நிஜ எடையைப் பென்சிலால் குறித்திருக்கிறேன்,
தேதியோடு,
‘மே. சொன்னது’ என்று ஓரத்தில்.
நியாயத்துக்காகச் செய்தேன் என்று சொல்ல ஆசைதான்.
மாலையில் கூட்டுத்தொகை இடித்தால்
என் சம்பளத்தில் பிடிப்பார்கள்.
அந்தப் பயம். வேறொன்றுமில்லை.

சுலைகா பக்கம் பக்கமாகப் புரட்டினார்.
வர்க்கித் தூள் விழுந்த இடத்தை ஊதிவிட்டார்.
“இது அவர்களைப் பிடிக்கும்.
இதே பக்கம் உங்களையும் பிடிக்கும்.
தெரியாமல் எழுதினேன் என்று
இதைக் கொடுத்தபிறகு சொல்ல வழியில்லை.
இப்போதைக்குப் பைக்குள் வையுங்கள்.
வாய்தா வாங்கலாம்.”

வாங்கினோம்.
அரவேனு பக்கம் போக அந்த நேரத்துக்கு ஒரே பஸ்.
முன்சீட்டில் ஜோகி,
வெள்ளைத் தலைக்கட்டு, கோர்ட்டுக்கென்று போட்ட கோட்டு.
வாதி முன்னால், பிரதிவாதி பின்னால்,
எங்களுக்கு நடுவே யாரோ வாங்கிவந்த முட்டைக்கோஸ் மூட்டை.
கட்டபெட்டு தாண்டியோ தாண்டாமலோ
திரும்பிப் பார்க்காமல் கேட்டார்:
“நாளைக்கு இலை எடுப்பாங்களாம்மா?
விட்டா முத்திடும்.”

“எடுப்பாங்கண்ணா.
காலையிலயே கொண்டாந்துடுங்க.
மழை வர்ற மாதிரி இருக்கு,
அப்புறம் ஈரம்னு...”

நிறுத்தினேன்.
அவர் தலையை மட்டும் ஆட்டினார்,
ஆமாம் என்றா, கேட்டுக்கொண்டேன் என்றா.
கொண்டையூசி வளைவில் பஸ் சாய்ந்தது.
மடியிலிருந்த பை நழுவப் பார்த்தது.
இரண்டு கையாலும் பிடித்தேன்.