நான்காவது பீக்கர்

விடியுமுன் மூன்று இருபதுக்கு போன்.
"மேடம், வெள்ளம் கலங்கியாக்கும் வருது."
தர்மபுரியில் வைத்து இதைக் கேட்டிருந்தால்
படகு தேடியிருப்பேன்.
இங்கே, குழித்துறையில், வெள்ளம் என்றால் தண்ணீர்:
குடிக்க, முகம் கழுவ, கஞ்சிக்கு உலை வைக்க.
இன்று இரண்டு அர்த்தமும்
ஒரே குழாயில் வருகின்றன.

மேலே ரப்பர் தோட்டங்களில் பெய்திருக்கிறது.
பால்சாயா நிறத்தில் ஒரு கேன் ஆற்றை
ஜஸ்டஸ் மேசைமேல் வைக்கிறார்.
ஆறு பீக்கர்.
ஒவ்வொன்றிலும் ஒரு லிட்டர் மலை.

மண் என்று சொல்ல முடியாது.
மண் எப்போதோ தடுப்பணையில் தங்கிவிட்டது.
இது அதற்கும் கீழே, விழக்கூடத் தெரியாத பொடி.
எடை இல்லை. சுமை மட்டும் உண்டு:
எதிர்மின்சுமை.
எல்லாவற்றுக்கும் அதே சுமை என்பதால்
ஒன்று இன்னொன்றை அண்ட விடாது.
முகம் கொடுக்காத சொந்தக்காரர்கள்
கல்யாண மண்டபத்தில் நிற்பதுபோல
மூன்று நாள் வைத்தாலும் அப்படியே நிற்கும்.

படிகாரக் கரைசல். பத்து மில்லி, இருபது, முப்பது,
அறுபது வரை.
மழை வெள்ளம், காரம் போதாது;
சுண்ணாம்பு கொஞ்சம்.
முதல் நிமிடம் துடுப்புகள் வெறிகொண்டு சுழல்கின்றன.
எந்தத் துகளும் விடுபடாமல் சுமையை இறக்கியாக வேண்டும்.
பிறகு மெதுவாக.
இதைவிட மெதுவாக.
வேகம் கூடினால் சேர்ந்தது உடைந்துபோகும்.

"கொறச்சு கூட்டிப் போட்டா என்னவாம்?"
"பொறுங்க."

ஒன்றுமில்லை.
டியூப்லைட்டைச் சுற்றி ஈசல்.
ஒன்றுமில்லை.

நான்காவதில்
பால் திரியப்போகும்போது தெரியுமே, அது.
அப்புறம் பொட்டுகள். அப்புறம் பஞ்சு.
கண்ணுக்குத் தெரியாத அழுக்கு
கண்ணுக்குத் தெரிகிற அழுக்காவதைப் பார்த்து
சம்பளம் வாங்கிக்கொண்டு சந்தோஷப்படுகிறேன்.
துடுப்பை நிறுத்தியதும்
சுமை போனவை எல்லாம் கனத்து
இறங்க ஆரம்பித்தன,
கடைசி ஸ்டாப்பில் பஸ் நின்றபின்
நிதானமாக இறங்குகிறவர்களைப் போல.
பீக்கருக்குப் பின்னால் ஜஸ்டஸின் சட்டைப் பொத்தான்.
நான்கு துளையும் எண்ணலாம்.

ஆறாவதைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார்.
கலங்கல்.
இறக்கிய இடத்தில் வேறு சுமை ஏறி
மறுபடியும் ஒன்றையொன்று தள்ளுகின்றன.
"கூடிப்போனாலும் சேராதோ?"
"சேராது."
வெளியே போய் பீடி பற்றவைத்தார்.

ஐந்தரைக்கு அடிவால்வைத் திறந்தோம்.
தொட்டியின் அடியிலிருந்து
மலை, சேறாக, வாய்க்காலில் போனது.

ஏழு பத்துக்கு முதல் புகார், பாலப்பள்ளத்திலிருந்து:
வெள்ளத்தில் மருந்து மணம்.
கலங்கலைப் பற்றி ஒருவரும் கூப்பிடவில்லை.
பதிவேட்டில் எழுதினேன்: நாற்பது.