சபை எப்படி என்று கேட்டவளுக்கு

நல்லதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.
சனவரியில் பியர்சன் விமான நிலையத்துக்கு
என்னை ஏற்ற வந்தது அவர்களுடைய வான்.
அளவு தெரியாமலே யாரோ வாங்கி வைத்த குளிர்ச்சட்டை,
கை ஒரு சாண் நீளம்.
அதை மடித்து மடித்து ஏழு குளிர்காலம் போட்டேன்.

ஸ்காபரோவில், 401க்கு வடக்கே,
ரயர் கடைக்கும் குளியலறை ஓடு விற்கிற கடைக்கும் நடுவே
சபை. பெயர்ப்பலகை இல்லை, யூனிட் இலக்கம் மட்டும்.
உள்ளே நானூறு நாற்காலி.
பாஸ்டருக்கு வலப்பக்கம், அரையடி பின்னால்,
இரண்டாவது மைக்கில் நான்.
தமிழ் விளங்காத பிள்ளைகளுக்கு
அவர் சொல்வதை ஆங்கிலத்தில் சொல்வது என் ஊழியம்.
அவர் கத்தினால் நானும் கத்த வேண்டும்.
அவர் அழுதால், ஒரு வசனம் பிந்தி, நானும்.

நேற்று ஐந்து பேர் கூடினோம், விலகி வந்தவர்கள்,
எமில்டாவின் பேஸ்மென்ரில்.
யாரும் ஜெபத்தோடு தொடங்கவில்லை.
வேறெப்படித் தொடங்குவதென்று தெரியாமல்
கொஞ்ச நேரம் பற்றீஸ் தின்றோம்.

பிறகு கொன்சலா சொன்னாள்:
இரண்டு வேலைச் சம்பளத்திலும் தசமபாகம்,
கட்டிட நிதிக்கு அடகு போன தாலிக்கொடி,
எட்டு வருடமாகியும் எழும்பாத கட்டிடம்.
றெஜினோல்ட் சொன்னான்:
இன்சுலினை நிறுத்து, விசுவாசத்தில் நில் என்றார்.
தம்பி நிறுத்தினான்.
தம்பி போன பிறகு, விசுவாசம் காணாது என்றார்.
சொல்லிவிட்டுத் தட்டில் இருந்த சோஸை
விரலால் நேர்கோடாக இழுத்தான்.

எமில்டா இப்போதும் பத்தில் ஒன்றைப்
பிஸ்கட் பேணிக்குள் போடுகிறாள்.
ஆருக்கு என்று கேட்டோம்.
"பயத்துக்கு" என்றாள்.
சிரித்தோம். அவளும் சிரித்தாள்.
சூசைதாசன் அண்ணைக்கு
அந்த டிரம்ஸ் சத்தம் இல்லாமல்
ஞாயிற்றுக்கிழமை விடியுதில்லையாம்.
அதற்கு யாரும் சிரிக்கவில்லை.

என் முறை வந்தது.

நிரோசினி எழுந்து நின்று
கணக்குக் கேட்ட ஞாயிறு எல்லோருக்கும் ஞாபகம்.
"இவளுடைய கர்ப்பம் அடைபடும்" என்றார்.
அவளுக்கு அப்போது நாலு மாதம்.
மைக் என் வாயருகில்.
ஆங்கிலத்தில் நான் சொன்னேன்:
இந்தச் சகோதரிக்காக ஜெபிப்போம்.
பிள்ளைகள் கண்ணை மூடி ஜெபித்தார்கள்.
அவளுடைய மூத்த மகளும்.

இதைக் கருணை என்று நெடுநாள் நினைத்திருந்தேன்.
ஆறு வருடம் அவருடைய வாயைக் கழுவிக் கொடுத்திருக்கிறேன்.
நாற்காலிகளில் பாதி
அவரை நல்லவர் என்று நம்பியது என் ஆங்கிலத்தில்.

கொன்சலா எழும்பிப் போய்க் கேத்திலைப் போட்டாள்.
றெஜினோல்ட் என்னைப் பார்க்கவில்லை.
அவனுடைய தம்பி இருந்தது ஆங்கிலப் பக்கம்.
அந்த ஞாயிறு, அந்த மருந்துப் பேச்சில்,
நான் ஒரு சொல்லையும் மாற்றவில்லை.

தங்கச்சி, நீ கேட்டது இவ்வளவும் இல்லை.
வந்து மூன்று கிழமை, குளிர், ஆரையும் தெரியாது,
சபை எப்படி அக்கா, வான் அனுப்புவினமோ,
அவ்வளவுதான்.

அனுப்புவினம். சொன்ன நேரத்துக்கு வரும்.
குளிர்ச்சட்டை தருவினம். காய்ச்சல் என்றால்
சூப் கொண்டுவருவினம்.
இந்த நாட்டில் வேறொருவரும் சொல்லாத மாதிரி
உன்ர பெயரைச் சரியாச் சொல்லுவினம்.
அதுக்குப் பிறகு நடந்ததைத்தான் இப்ப சொன்னனான்.

போவதென்றால் போ.
பஸ் கார்ட்டை உள்பையில் வை.
ஞாயிறுகளில் அரை மணிக்கு ஒன்று வரும்.
தரிப்பிடம் ரயர் கடைக்கு முன்னால்.
பனி மூடியிருக்கும்,
கம்பத்தைத் தேடு.