கடைசிக்கு முந்தைய பேருந்து

டிசம்பர் முப்பத்தொன்று.
ஔலுவில் மூன்று மணிக்கே இருட்டிவிடும்.
வூக்கோவின் சவுனாவில் மூன்று பெண்கள்,
வயதைக் கூட்டினால் நூற்றைம்பத்தெட்டு.
ஈய லாடம் விற்கக் கூடாதென்று சட்டம் வந்த பிறகு
வூக்கோ தேன்மெழுகுக்கு மாறிவிட்டாள்.
பிர்க்கோ மட்டும் பழைய லாடமொன்றைக்
காலுறைக்குள் ஒளித்துக் கொண்டுவந்தாள்.
"சாவதற்குள் தீர்க்க வேண்டாமா?"

கரண்டியில் அது முதலில் வியர்த்தது.
பிறகு முகம் பார்க்கலாம்போல் பளபளத்தது.
வாளித் தண்ணீரில் கவிழ்த்தபோது
வால் மிதிபட்ட பூனைபோல் ஒரு சீறல்.

மெழுகுவத்தி முன்னால் பிடித்து
சுவரில் விழும் நிழலைப் பார்க்க வேண்டும்.
பார்த்து, வருடத்துக்கு ஒரு சொல்.
எனக்கு விழுந்ததைப் பார்த்துப்
"பாய்மரம்" என்றாள் வூக்கோ.
"சிறுநீரகம்" என்றாள் பிர்க்கோ.

பிர்க்கோவின் சொல் உப்பு,
மருத்துவர் குறைக்கச் சொன்ன கோபத்தில்.
வூக்கோவின் சொல் விடு.
மூன்று வருடமாக அதையே
விடாமல் வைத்திருக்கிறாள்.

எனக்கு நாற்பத்தெட்டில் துணிவு.
அந்த வருடம் ஒரு சொத்தைப் பல்லைக்கூடப் பிடுங்கவில்லை.
நாற்பத்தொன்பதில் ஒழுங்கு.
சமையலறையின் மேல் இழுப்பறை வரை போய் நின்றது.
ஐம்பதில் மகிழ்ச்சி என்று எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டினேன்.
மார்ச்சில் தப்பானி போனான்.
காந்தம் நல்ல காந்தம், விழவே இல்லை.
போன வருடம் பொறுமை.
அதைப் பற்றிப் பேச இப்போது பொறுமையில்லை.

"இந்த முறை சொல் வேண்டாம்" என்றேன்.
கல்லில் தண்ணீர் ஊற்றினாள் வூக்கோ.
ஆவியில் யார் முகமும் தெரியவில்லை.

ஜனவரி ஏழு. மைனஸ் இருபத்தாறு.
என் பேருந்தின் கதவைத் தட்டினான் ஒரு பையன்,
கையில் மூலை நசுங்கிய டிரம்பெட் பெட்டி,
இமைமயிரில் உறைபனி.
"இதுதான் கடைசியா?"
"இல்லை, இன்னும் ஒன்று இருக்கிறது."
அவன் ஏறவில்லை.
நன்றி என்று கத்திவிட்டு வந்த வழியே ஓடினான்,
யாரையோ கூட்டிவரப்போல.

இரண்டு நிறுத்தம் தாண்டி
சிவப்பு விளக்கில் நின்றபோதுதான்
நான் சொன்னது என் காதில் விழுந்தது.

இன்னும்.

சோற்றுக்குக் குழந்தை தட்டை நீட்டுவதும்
கடன்காரன் கதவைத் தட்டுவதும்
இதே சொல்லோடுதான்.
மேசைமேல் மருத்துவமனைக் கடிதம்:
இடது மார்பை இன்னும் ஒருமுறை படமெடுக்க வேண்டும்,
கவலைப்பட ஏதுமில்லை.
ஏதுமில்லாததற்கு எதற்கு இவ்வளவு தடித்த உறை?
ரோவானியேமியிலிருந்து மகளின் செய்தி,
இரவு ஒன்றரைக்கு:
இன்னும் தூங்கலையா அம்மா?
நீயும்தான், என்று பதில் அனுப்பினேன்.

வூக்கோவிடம் தொலைபேசியில் சொன்னேன்.
"அது ஒரு சொல்லா?
பெயருமில்லை, வினையுமில்லை.
தனியாக நிற்கக்கூடத் தெரியாது அதற்கு,
பின்னால் ஏதாவது வந்தாக வேண்டும்."
ஆமாம் வூக்கோ,
வந்தாக வேண்டும்.

கடிதத் துவாரத்துக்கு மேலே
பித்தளையில் அவன் குடும்பப் பெயர், கோர்ப்பேலா.
இருபத்துமூன்று வருடமாக எனக்கும் அதுதான்.
கழற்றுவதா, துடைப்பதா என்று முடிவு செய்யாமலே
திருப்புளியோடு முட்டி போட்டேன்.
ஒலித்தது முட்டியா கதவா தெரியவில்லை.
நான்கு திருகாணி.
மூன்று சுலபமாகக் கழன்று உள்ளங்கையில் விழுந்தன,
சில்லென்று.
நான்காவது
இன்னும்