எந்த மரத்தடியில்?

திங்கள், புதன், வெள்ளி, எட்டு முதல் பத்து வரை
காளான் பார்க்கும் மேசை இது. கட்டணம் இல்லை.
அடுத்த அறையில் தடுப்பூசிக் குழந்தைகள் அழும்.
இந்த அறையில் பெரியவர்கள்
கூடையை நீட்டிவிட்டு
என் முகத்தையே பார்த்து நிற்பார்கள்.

ஜெல்மினோ, மலைப்பேருந்து ஓட்டுநர்,
ஈரத்துணி போர்த்திய பிரம்புக் கூடையைத்
தூங்கும் பிள்ளையை இறக்குவதுபோல் இறக்கினார்.
நேற்றைய மழைக்கு இன்று முளைத்தது என்பது
காளானை வாங்கித் தின்பவர்களின் பேச்சு.
இவை பதினோரு நாள் முந்தைய மழை.

ஒவ்வொன்றாய்க் கவிழ்க்கிறேன்.
குடைக்கடியில் மடிப்பு மடிப்பாய் இருந்தால் அது வேறு குலம்.
இவற்றுக்குப் பஞ்சு.
ஊசிமுனை மட்டும் நுழையும் துளைகள்,
இளசில் வெள்ளை, பிறகு மஞ்சள், முற்றினால் பாசி.
தண்டின் கழுத்தில் வெள்ளை நூல்வலை.
கீறிவிட்டு அறுபது எண்ணினேன்.
வெள்ளை வெள்ளையாகவே இருந்தது.
போர்சினி. போர்சினி. இதுவும்.
ஒன்பது வரை அவர் மூச்சு சீராக இருந்தது.

பத்தாவதன் துளைகளில் ரோஜாச் சாயல்.
வலை கருத்து, தடித்து, மீன் பிடிக்கலாம் போல.
குடைமேல் இரண்டு ஸ்ப்ரூஸ் ஊசிகள்.
"நாக்கு நுனியில் வைத்துத் துப்புங்கள்" என்றேன்.
துப்பினார். மறுபடியும் துப்பினார்.
கொல்லாது.
ஆனால் சட்டி முழுவதையும் கசக்கவைக்க இது ஒன்று போதும்.

கடைசியாக, செய்தித்தாளில் தனியே சுற்றியிருந்ததை எடுத்தார்.
ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு.
சுண்ணாம்பு பூசிய சுவர் போன்ற குடை.
அடியில் துளைகள்
விழித்தே கழித்த இரவின் கண்கள் போலச் சிவப்பு.
காலை அறுத்துவிட்டு வந்திருந்தார்,
கூடை அழுக்காகுமாம்.
"கால் இல்லாமல் எப்படிச் சொல்வது?
எங்கே எடுத்தீர்கள்? எந்த மரத்தடியில்?"

இந்த மௌனம் எனக்குப் பழக்கம்.
மூல நோயைச் சொல்வார்கள், கடனைச் சொல்வார்கள்,
மருமகளைப் பற்றிக் கேட்காமலே சொல்வார்கள்.
இடத்தை மட்டும் சொல்லமாட்டார்கள்.
"ஸ்ப்ரூஸ் காட்டில், எல்லாமே" என்றார்
கூரையைப் பார்த்து.

குடையின் ஓரத்தில் செம்புநிற இலை ஒன்று
ஒட்டிக் காய்ந்திருந்தது. பீச்.
தண்டின் குழியில் வெள்ளையாய் ஒரு துணுக்கு.
மதியச் சாலடுக்கு வைத்திருந்த வினிகரில் ஒரு சொட்டு விட்டேன்.
நுரைத்தது.
சுண்ணாம்புப் பாறை, வெயில் விழும் சரிவு, பீச் மரம்.
அவர் பேருந்து கடைசி நிறுத்தத்தில்
நாற்பது நிமிடம் நிற்கும் என்பது ஊருக்கே தெரியும்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.

"இது சாத்தான். கூடைக்குப் போகாது" என்று மட்டும் சொன்னேன்.

அவர் தொப்பியைக் கழற்றினார்.
திரும்பப் போட்டுக்கொண்டார்.
"இதே மாதிரி இன்னும் இரண்டு இருந்தன.
நிவெஸுக்குக் கொடுத்தேன். கடைசி நிறுத்தத்தில்
காபிக்கடை வைத்திருக்கிறாள்.
பன்னிரண்டுக்கு அடுப்பு ஏற்றுவாள்."

மணி ஒன்பது நாற்பது. எண்ணை அவரே சொன்னார்,
மனப்பாடமாக.
ஐந்து முறை அடித்தது. எடுத்தாள்.
நான் சொல்லி முடிப்பதற்குள்:
"அந்த மாட்டுத்தொட்டிக்கு மேலே இருக்குமே,
இடிவிழுந்த பீச் அடியில், அதுதானே?
நேற்றே குப்பையில் போட்டாயிற்று.
வருஷா வருஷம் அங்கே அதுதான் வரும்.
பாவம், ஆசையாய்க் கொண்டுவந்தார்,
சொல்ல மனம் வரவில்லை."

ஒலிபெருக்கியில் போட்டது என் தவறு.
ஜெல்மினோ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.
காது மட்டும் தெரிந்தது,
சாத்தானின் துளைகள் நிறத்தில்.

படிவம் நிரப்பினோம்.
உண்ணத்தக்கவை ஒன்பது. அழிக்கப்பட்டவை இரண்டு.
"எடுத்த இடம்" என்ற கட்டத்தில்
நெடுநேரம் பேனாவை வைத்திருந்துவிட்டு
"காடு" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அவர் போன பிறகுதான் பார்த்தேன்,
வெட்டிய முகத்தில்
அவசரமே இல்லாமல்
நீலம் ஏறிக்கொண்டிருந்தது.