சுரண்டும் சத்தம்

பீடோங் சந்தைக்குப் பின்னால்
ஆ கியோங்கின் பழைய இரும்புக் கடையில்
சைக்கிள் கம்பிகளுக்கு அடியில் கிடந்தது
கைப்பிடி வைத்த அந்த வார்ப்பிரும்புச் சட்டி.
நிறுத்தான். இரண்டே கால் கிலோ.
"ஏழு வெள்ளி. துருவுக்குக் காசு இல்லை" என்றான்
என்னைவிடச் சுத்தமான தமிழில்.

செம்பனை ஆலையில் பாய்லர் பார்க்கிறவன் நான்.
இரும்பு எப்போது அழுகிறது, எப்போது நடிக்கிறது என்று
காதாலேயே சொல்லிவிடுவேன்.
சட்டியைக் கவிழ்த்து, விரல் மடக்கித் தட்டினேன்.
கோயில் மணிக்கு ஒன்றுவிட்ட தங்கை போலப் பேசியது.
கீறல் இல்லை. வாங்கிவிட்டேன்.

காஸ்டிக் சோடாத் தண்ணீரில் மூன்று நாள்.
கையுறை போட்டும் பெருவிரல் நகம் வெந்தது.
ஏறிக் கிடந்த கரியெல்லாம்
வெயிலில் உரியும் முதுகுத் தோலாய்க் கழன்றது.
அடியில் ஓர் எட்டு தெரிந்தது.
எட்டுக்குப் பக்கத்தில் பாதி எழுத்து.
எந்த ஊர் உலையோ, எந்தத் துரையின் பங்களாவோ.
பிறகு வினிகர், கம்பித் தூரிகை.
வாசல் சாக்கடையில்
தேத்தண்ணி நிறத்தில் ஓடியது துரு.
கடைசியில் சட்டி
மொட்டை போட்ட பிள்ளை மாதிரி
சாம்பல் நிறத்தில் விழித்துக்கொண்டு நின்றது.

எண்ணெய்க்கா பஞ்சம், இந்த ஊரில்?
தாராளமாக ஊற்றிச் சூடு காட்டினேன்.
பிசினாகிப் போனது.
இரண்டு எறும்பும் ஒரு கொசுவும் ஒட்டிக்கொண்டு
என் புத்திக்குச் சாட்சி சொல்லின.
மறுபடி சுரண்டினேன்.
இம்முறை பூசினேன், பூசியதைத் துடைத்தேன்,
துடைத்ததையும் துடைத்தேன்,
பூசவே இல்லையோ என்று எனக்கே சந்தேகம் வரும்வரை.
அடுப்பில் ஏற்றினேன். புகைந்தது. ஆறவிட்டேன்.
ஆறு முறை.
கருத்தது.

அன்றைக்குத்தான் பக்கத்து வீட்டு யோகேஸ்வரி
கையுறைத் தொழிற்சாலை யூனிபார்மோடு வந்து நின்றாள்.
"அது என் சட்டி."
அவள் வீட்டுக்காரன்
நாலு நம்பர் எடுக்கக் காசில்லாமல்
ஆ கியோங்கிடம் தூக்கிக் கொடுத்திருக்கிறான்.
தன்னையே நிறுத்துக் கொடுத்திருந்தால்
இன்னும் கொஞ்சம் கிடைத்திருக்கும்.

நீட்டினேன், பெருமையோடுதான்.
கனம் பார்த்தாள். உள்ளங்கையால் தடவினாள்.
முகர்ந்தாள்.
"என்ன பண்ணி வெச்சிருக்க?"
"துரு இருந்துச்சு. எடுத்துட்டேன்."
"துரு வெளியில இருந்துச்சு, தனபால்.
உள்ள இருந்தது பதினோரு வருஷத்துத் தோசை."

பாய்லர் வெடித்தால் ரிப்போர்ட் எழுதலாம்.
இதற்கு என்ன எழுதுவது?

என் அடுப்பிலேயே
ஒரு முட்டையை உடைத்து ஊற்றினாள்.
ஒட்டியது. கிழிந்தது.
கரண்டியால் பெயர்த்து
ஆளுக்குப் பாதி, நின்றுகொண்டே தின்றோம்.
உப்பு போட மறந்திருந்தாள்.
ஒரு வெள்ளித் தாள்களாக ஏழு
எண்ணி மேசையில் வைத்தாள்.
வேண்டாமென்று நான் வாய் திறப்பதற்குள்
சட்டி போய்விட்டது.

மலிவு விலை வீடு. சுவர் பெயருக்குத்தான்.
காலை ஐந்தேகால்,
ஆலைச் சங்கு ஊதும் முன்னால்
கர்ர்க், கர்ர்க்.
தோசைக்கரண்டி இரும்போடு சண்டை போடும்.
ஒவ்வொரு கர்ர்க்கும் எனக்கு.
செவ்வாய். புதன். தீபாவளிக்கு முந்தின வாரம் முழுக்க.
ஒருநாள் வைததும் கேட்டது,
சட்டியையா என்னையா, தெரியவில்லை.
அவள் வீட்டுக்காரன் குரல்
எப்போது நின்றதென்றும் தெரியவில்லை.
நான் அதற்குக் காது கொடுத்திருக்கவில்லை.

இன்று ஐந்தேகால்.
மாவு விழும் ஸ்ஸ்.
போர்வைக்குள் கை மடக்கிக் காத்திருந்தேன்.
கொஞ்ச நேரம்.
இன்னும் கொஞ்ச நேரம்.
கர்ர்க் இல்லை.
தட்டு வைக்கிற சத்தம் மட்டும்.
பிறகு
அடுத்த ஸ்ஸ்.